நடுக்கடலில் நிற்கும் ராக்கெட்: வாசகர் கேள்வி – பதில்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும் ஊர்களிலிருந்துதான் இம்முறை கடிதங்கள் அதிகம் வந்திருக்கின்றன. மேலே போன ராக்கெட்டின் முதல் அடுக்கு திரும்பி வந்து, கடலில் மிதக்கும் தளத்தின் மீது நிமிர்ந்து நிற்பது எப்படி என்றே பலரும் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நிலத்தில் இவ்வளவு இடம் இருக்கும்போது, ஆடிக்கொண்டிருக்கும் கடலைத் தேடிப் போய் ராக்கெட்டை இறக்குவானேன்?
– கல்லூரி மாணவர், சூளூர்ப்பேட்டை

பதில்: நிலத்திலும் இறக்குகிறார்கள். அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் 2015 டிசம்பர் 21 அன்று முதன்முதலாக வெற்றியோடு இறங்கியது ஃபுளோரிடா மாநிலத்தின் கேப் கனாவரல் நிலத்தில்தான். கடலில் அது முதன்முதலாக நின்றது 2016 ஏப்ரல் 8 அன்று. எளிதான இடம் கைவசம் இருந்தும் கடினமான இடத்தைத் தேடிப் போனதற்கு எரிபொருள் கணக்கே காரணம்.

ராக்கெட் நேராக மேலே போய் நேராகக் கீழே வருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரு செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிவர, உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகமே அதிகம் தேவை. தாழ்வான சுற்றுப்பாதைக்குக்கூட அது வினாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர். ஆகவே ராக்கெட் கிளம்பிய சற்று நேரத்திலேயே கடல் பக்கமாகச் சாய்ந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. முதல் அடுக்கு பிரியும்போது அது ஏறத்தாழ 65 முதல் 70 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்குச் சுமார் 8,000 கிலோமீட்டர் வேகத்தில், கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கும். அதை ஏவுதளத்துக்கே கொண்டுவர வேண்டுமானால், முதலில் அந்த வேகம் முழுவதையும் அழித்து, பிறகு எதிர்த்திசையில் புதிதாக வேகம் கொடுக்க வேண்டும். அதற்கான எரிபொருளை ஏவும் நேரத்திலேயே சேர்த்துச் சுமந்தாக வேண்டும். அந்த அளவுக்குச் செயற்கைக்கோளின் எடையில் கை வைக்க வேண்டியிருக்கும்.

அதன் போக்கிலேயே விட்டுவிட்டால், ஏவுதளத்திலிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால் அது தானாக வந்து விழும். அந்த இடத்தில் ஒரு தளத்தை மிதக்கவிட்டு வைத்தால், திரும்பி வருவதற்கான செலவு மிச்சம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கே 600 கிலோமீட்டர் என்றால், அந்தமானுக்குப் போகும் வழியில் பாதித் தூரத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே நிலம் ஏது?

கடலில் இறக்குவதும் இலவசம் அல்ல. வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைப் பாதைக்குப் போகும் செயற்கைக்கோள்களைப் பொறுத்தவரை, முதல் அடுக்கைத் திரும்பப் பெறும் எண்ணமே இல்லாமல் ஏவினால் ஃபால்கன் 9 சுமார் 8.3 டன் கொண்டுபோகும். கடலில் இறக்கினால் 5.5 டன்தான். மூன்றில் ஒரு பங்கு இதிலேயே போய்விடுகிறது. நிலத்துக்குத் திரும்புவதென்றால் இந்த 5.5 டன்னும் கட்டுப்படியாகாது. ஆகவே சுமை குறைவாக இருந்தால் நிலம், கூடுதலாக இருந்தால் கடல், மிகக் கனமாக இருந்தால் அடுக்கைக் கைகழுவிவிடுவது என்று ஒவ்வொரு ஏவலுக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள்.

கேள்வி: பாராசூட் கட்டி மெதுவாகக் கடலில் இறக்கி, கப்பலை அனுப்பி எடுத்துவரலாமே? இத்தனை சாகசம் எதற்கு?
– பள்ளி ஆசிரியை, ஆரம்பாக்கம்

பதில்: அந்த வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் இரு பக்கங்களிலும் இருந்த திட எரிபொருள் உந்திகள் பாராசூட்டில் அட்லாண்டிக் கடலில் இறங்கின. அவற்றைக் கப்பல்கள் இழுத்துவந்தன. அவை தடித்த எஃகு உருளைகள் என்பதால் அந்த அடியைத் தாங்கின. திரவ எரிபொருள் ராக்கெட்டின் முதல் அடுக்கோ மெல்லிய உலோகச் சுவர் கொண்ட தொட்டி. அதன் அடியில் பம்புகளும் வால்வுகளும் நெருக்கமாக அமைந்த இன்ஜின்கள் இருக்கின்றன. உப்புநீர் உள்ளே புகுந்துவிட்டால் அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு புதிதாகச் செய்யும் செலவை எட்டிவிடக்கூடும். ஃபால்கன் 9 ராக்கெட்டின் தொடக்க ஏவல்களில் பாராசூட் வைத்துப் பார்த்தார்கள். பாராசூட் விரிவதற்கு முன்பே, காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போதே அடுக்கு சிதைந்துபோனது.

நம் கடலிலும் இந்த முறைக்கு உதாரணம் உண்டு. இஸ்ரோவின் எஸ்.ஆர்.இ.-1 கலன் 2007 ஜனவரி 22 அன்று பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கி மீட்கப்பட்டது. 2023 அக்டோபர் 21 அன்று நடந்த ககன்யான் சோதனையில், ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் கிழக்கே விழுந்த கலன் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்த நிலையில் கடற்படையினரால் எடுக்கப்பட்டது. இறுக்கமாக மூடப்பட்ட சிறிய கலனுக்கு இந்த முறை பொருந்தும். மாடிக் கட்டடம் அளவு உயரமுள்ள தொட்டிக்குப் பொருந்தாது.

ஆகவே இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துகிறார்கள். பிரிந்த அடுக்கு வந்த வேகத்தில் நூறு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டி ஏறிப் பிறகு விழத் தொடங்குகிறது. காற்றே இல்லாத அந்த உயரத்தில் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி அதன் அடிப்பக்கத்தைக் கீழ்நோக்கித் திருப்புகிறார்கள். அடர்ந்த காற்றுக்குள் நுழையும் முன் ஒன்பது இன்ஜின்களில் மூன்றை எரித்து வேகத்தைக் குறைக்கிறார்கள். இல்லாவிட்டால் வெப்பமும் காற்றழுத்தமும் அதை உடைத்துவிடும். அதன் பிறகு, மேல் முனையில் இருக்கும் சல்லடை போன்ற நான்கு துடுப்புகள் காற்றில் திசைதிருப்பி வழிநடத்துகின்றன. கடைசியில், மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது இன்ஜினை மீண்டும் பற்றவைக்கிறார்கள்.

மிக நுட்பமான கட்டம் இதுதான். ஃபால்கன் 9 ராக்கெட்டில் உள்ள ஒரு மெர்லின் இன்ஜின் முழு விசையில் ஏறத்தாழ 86 டன் எடையைத் தூக்கக்கூடியது. எரிபொருள் தீர்ந்த அடுக்கின் எடையோ 30 டன்னுக்கும் குறைவு. இன்ஜினை எவ்வளவு தணித்தாலும் அதன் விசை அடுக்கின் எடையைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பதால், தளத்துக்கு மேலே ஒரு கணம் மிதந்து நின்று நிதானித்து இறங்க வழியே இல்லை. வேகம் பூஜ்யமாகும் கணமும் கால்கள் தளத்தைத் தொடும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். சற்று முன்னதாக வேகம் பூஜ்யமானால் அடுக்கு மீண்டும் மேலே கிளம்பும். தாமதமானால் தளத்தில் மோதும். 2015 ஏப்ரலில் விசையைக் கட்டுப்படுத்தும் ஒரு வால்வு சற்று மந்தமாக இயங்கியது ஒன்றே அடுக்கு தளத்தைத் தொட்டபின் சாய்ந்து வெடிக்கப் போதுமானதாக இருந்தது.

கேள்வி: ஐயா, நான் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். முகத்துவாரம் தாண்டிவிட்டால் படகில் நேராக நிற்பதே சிரமம். அவ்வளவு உயரமான ராக்கெட் ஆடுகிற தளத்தின் மேல் எப்படி நிற்கிறது? கட்டிவைத்தாலும் விழுந்துவிடாதா?
– மீனவர், பழவேற்காடு

பதில்: கேள்வியின் கடைசிப் பகுதிதான் என்னை மிகவும் கவர்ந்தது. தளத்தைக் குறிதவறாமல் தொடுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். தொட்ட பிறகு துறைமுகம் வரும்வரை அதை நிற்கவைப்பதும் சரிபாதிச் சிக்கல் என்பது கடலில் தொழில் செய்பவருக்குத்தான் உடனே தோன்றும்.

முதலில் தளத்தைப் பார்ப்போம். அது ஏறத்தாழ 91 மீட்டர் நீளமும் 52 மீட்டர் அகலமும் உள்ள தட்டையான மிதவைக் கப்பல். விரிந்த கால்களோடு ராக்கெட்டின் அடி 18 மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். நங்கூரம் பாய்ச்ச முடியாத ஆழத்தில், எந்தத் திசையிலும் திரும்பி இயங்கும் நான்கு உந்து இன்ஜின்கள் செயற்கைக்கோள் வழிகாட்டலின்படி காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து அதை ஒரே இடத்தில் பிடித்துவைக்கின்றன. ராக்கெட்டும் தளமும் முன்கூட்டியே குறித்த ஒரே புள்ளியை நோக்கி வருகின்றன என்பதால், தளம் சில மீட்டர் விலகினாலும் சிக்கல்தான்.

இடம் பெயராமல் நிற்கவைக்கலாம். ஏறி இறங்காமல் நிற்கவைக்க முடியாது. உங்கள் படகு ஒவ்வோர் அலைக்கும் எழுந்து விழுவதுபோல் அகன்ற மிதவை ஆடாது. குட்டி அலைகள் அதற்கு அடியிலேயே அடங்கிவிடும். எங்கோ தொலைவில் அடித்த புயலிலிருந்து கிளம்பி வரும் நீண்ட அலைகள்தான் அதை அசைக்கும். கேரளக் கரையில் கள்ளக்கடல் என்று சொல்லப்படும் கொந்தளிப்புக்குக் காரணமான அலைகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும் நாளிலும் அவை வரும். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தளம் நீளவாக்கில் ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் அதன் முனை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் எழும்பிவிடும். தளத்தின் நடுப்பகுதி எட்டு வினாடிக்கு ஒருமுறை அரை மீட்டர் ஏறி அரை மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அது வினாடிக்கு 40 சென்டிமீட்டர் வேகம் வரை எட்டும். ராக்கெட் மெதுவாகத் தொட வருகிற அதே கணத்தில் தளம் மேலே எழும்பினால், அந்த வேகமும் அடியோடு சேர்ந்துகொள்ளும். இதைத் தாங்கத்தான் கால்களுக்குள் தேன்கூடு போன்ற அலுமினியப் பகுதியை வைத்திருக்கிறார்கள். கூடுதல் அடி விழுந்தால் அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். இதற்கும் எல்லை உண்டு. 2015 பிப்ரவரியில் கடல் மிகவும் மோசமாக இருந்ததால் தளத்தையே திருப்பி அழைத்துக்கொண்டு, ராக்கெட்டை வெறும் கடலில் இறங்கவிட்டார்கள்.

நின்றபின் அது உடனே சாயாததற்குக் காரணம், எடையில் பெரும்பகுதி அடியில் இருப்பது. ஒன்பது இன்ஜின்களும் கீழே. மேலே இருப்பவை ஏறத்தாழக் காலியான தொட்டிகள். பார்வைக்கு உயரமான கம்பம்போல் தெரிந்தாலும் அதன் எடைமையம் தாழ்வாகவே இருக்கிறது. ஆனால் அந்த உயரத்தில் காற்று பிடிக்கும் பரப்பு அதிகம். இரண்டு மூன்று நாள் இழுத்துக்கொண்டு வரும் பயணத்தில் காற்றும் அலையும் கூட்டுச் சேர்ந்தால் கால்கள் வழுக்கத் தொடங்கும். தொடக்கத்தில் ஆட்கள் தளத்தில் ஏறி, கால்களைத் தளத்தோடு சேர்த்து எஃகுக் கவசம் வைத்து வெல்டிங் செய்தார்கள். பிறகு, ராக்கெட்டுக்கு அடியில் தானாக நகர்ந்துபோய் அதன் அடியைப் பிடித்துக்கொள்ளும் கனமான எந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள்.

இவ்வளவு இருந்தும் விழுந்திருக்கிறது. 2016 ஜனவரியில் குறி தவறாமல் இறங்கிய ஒன்று, ஒரு காலின் பூட்டு சரியாக மாட்டாததால் அப்படியே சரிந்து வெடித்தது. ஏவும்போது நிலவிய கடும் மூடுபனியில் அந்தப் பூட்டில் பனிக்கட்டி படிந்திருக்கலாம் என்று கருதினார்கள். 2019 ஏப்ரலில், மூன்று முதல் அடுக்குகளைப் பக்கம்பக்கமாகச் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவி ராக்கெட்டின் நடு அடுக்கு நன்றாகவே இறங்கி நின்றது. அதன் அடிப்பகுதி வேறு அமைப்பில் இருந்ததால் பிடிக்கும் எந்திரத்தால் அதைப் பற்றிக்கொள்ள முடியவில்லை. எட்டு முதல் பத்து அடி அலைகளில் ஆடி ஆடி, திரும்பும் வழியில் கவிழ்ந்தது. 2023 டிசம்பரில், தன் 19ஆவது பயணத்தை முடித்து இறங்கி நின்ற அடுக்கொன்று, பலத்த காற்றிலும் அலையிலும் வழியிலேயே முறிந்துபோனது. 2020இல் ஃபால்கன் 9 முதன்முதலாக விண்வெளி வீரர்களை ஏற்றிச் சென்றபோது பயன்பட்ட அடுக்கு அது. தளம் சாயும்போது தானே சமன்செய்துகொள்ளும் கால்கள் அதற்கு இல்லை. பின்னர் வந்தவற்றுக்கு உண்டு. வெற்றி விழாக் காணொளிகளைவிட இந்த மூன்று விபத்துகளில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: ராக்கெட் இறங்கும்போது அந்தக் கப்பலில் யாராவது இருப்பார்களா?
– வாசகி, நகரி

பதில்: ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஊழியர்கள் வேறொரு கப்பலில் பாதுகாப்பான தொலைவில் காத்திருந்து, தொட்டிகளில் மீந்த ஆக்சிஜனும் அழுத்தமும் வெளியேற்றப்பட்ட பிறகே நெருங்குவார்கள்.

கேள்வி: ராக்கெட் தளத்தைத் தொடும் சமயம் பார்த்து ஒளிபரப்பு நின்றுவிடுகிறதே? எல்லாம் கிராஃபிக்ஸ்தான் என்கிறார் என் மைத்துனர்.
– கடை உரிமையாளர், சத்தியவேடு

பதில்: உங்கள் மைத்துனரின் சந்தேகம் உலகம் முழுவதும் இருக்கிறது. நடுக்கடலிலிருந்து படம் வெளியே வர வேண்டுமானால், தளத்தில் உள்ள ஆன்டெனா வானில் இருக்கும் செயற்கைக்கோளை மிகத் துல்லியமாகப் பார்த்தபடி இருக்க வேண்டும். இன்ஜினின் பீறலும் அதிர்வும் தளத்தை உலுக்கும் அந்தச் சில வினாடிகளில் ஆன்டெனாவின் குறி தவறி இணைப்பு அறுந்துவிடுகிறது. தளத்திலேயே பதிவாகும் படத்தைப் பிறகு வெளியிடுவார்கள். அண்மை ஆண்டுகளில் இணைப்பு பெரும்பாலும் அறுவதில்லை. ஒருமுறை அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். ஏமாற்ற நினைப்பவர்கள் வெடித்துச் சிதறிய முயற்சிகளையெல்லாம் தாங்களே தொகுத்து வெளியிட்டிருக்கமாட்டார்கள்.

கேள்வி: கடைசி நேரத்தில் இன்ஜின் பற்றாவிட்டால் தளமே நொறுங்கிவிடுமே?
– மின்பணியாளர், தடா

பதில்: நொறுங்கக் கூடாது என்பதற்காகத்தான், ராக்கெட் கடைசிவரை தளத்தைக் குறிவைப்பதே இல்லை. அதன் பாதை தளத்துக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீரில் முடியும்படி வகுக்கப்படுகிறது. கடைசி எரிப்பு ஒழுங்காகத் தொடங்கிய பிறகே அது பக்கவாட்டில் நகர்ந்து தளத்துக்கு மேலே வரும். எரிப்பு தொடங்காவிட்டால் கடலில் விழும். ஒரு ராக்கெட்டோடு போய்விடும்.

2018 பிப்ரவரியில் இதைக் கண்ணாரப் பார்க்க முடிந்தது. ஃபால்கன் ஹெவியின் முதல் ஏவலில், நடு அடுக்கு இறங்கும்போது எரிய வேண்டிய மூன்று இன்ஜின்களில் ஒன்று மட்டுமே பற்றியது. மற்ற இரண்டையும் பற்றவைக்கும் வேதிப்பொருள் தீர்ந்துபோயிருந்தது. அது மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் தளத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் தள்ளித் தண்ணீரில் மோதியது. தெறித்த துண்டுகள் தளத்தின் இரண்டு உந்து இன்ஜின்களைப் பழுதாக்கினாலும் தளம் தப்பியது. அதே ஆண்டு டிசம்பரில், நிலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்கின் துடுப்புகளை இயக்கும் பம்பு நின்றுபோனபோதும், அது கரைக்கு வராமல் கேப் கனாவரலுக்கு அருகே கடலிலேயே விழுந்தது.

கேள்வி: பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டையும் இப்படி இறக்க முடியாதா? இஸ்ரோ எந்த நிலையில் இருக்கிறது?
– ஓய்வுபெற்ற பொறியாளர், சித்தூர்

பதில்: பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கு திட எரிபொருளில் இயங்குவது. பற்றவைத்தால் தீரும்வரை எரியும். நடுவில் அணைக்கவோ, நினைத்தபோது தணிக்கவோ, மீண்டும் பற்றவைக்கவோ முடியாது. இந்த மூன்றும் இல்லாமல் நின்று இறங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்.வி.எம்.3 ராக்கெட்டின் பக்கவாட்டு உந்திகளுக்கும் இதே வரம்புதான். இது குறையல்ல, திரும்பப் பெறும் எண்ணம் இல்லாத காலத்தில், நம்பகமும் விலையும் பார்த்துச் செய்த சரியான தேர்வு.

திரவ எரிபொருளில் இயங்கும் விகாஸ் இன்ஜினைக் கொண்டு அந்த மூன்று பாடங்களையும் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ சோதனை மையத்தில் படித்து வருகிறார்கள். 2023 ஜனவரியில் அதன் விசையை 67 சதவீதமாகத் தணித்து இயக்கினார்கள். 2025 ஜனவரி 17 அன்று 60 வினாடி எரித்து, அணைத்து, 120 வினாடி கழித்து மீண்டும் பற்றவைத்து 7 வினாடி இயக்கினார்கள். சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து விடுவித்து ஓடுபாதையில் இறக்கிய சிறகுள்ள வாகனத்தை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சுற்றுப்பாதையிலிருந்து விமானம்போல் திரும்பி வருவதற்கான வேறொரு முயற்சி அது.

முதல் அடுக்கைத் திரும்பப் பெறும்படி வடிவமைக்கப்படும் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 18 அன்று 8,240 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. தாழ்வான சுற்றுப்பாதைக்கு 30 டன் கொண்டுபோவது இலக்கு. அதற்காக ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளம் அமைக்கவும் 2025 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. கனமான சுமைகளுக்குக் கடல்தளம் தேவைப்படும் நாள் வந்தால், வங்கக் கடலின் குணத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஏவுதளத்தில் வானம் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது; 600 கிலோமீட்டர் தள்ளி அலையும் அடங்கியிருக்க வேண்டும். இரண்டு இடங்களும் ஒரே நாளில் ஒத்துழைக்க வேண்டும் என்பது ஏவல் அட்டவணையைக் கணிசமாக இறுக்கிவிடும்.

கேள்வி: ஸ்பேஸ்எக்ஸ் தவிர வேறு யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?
– கல்லூரி மாணவி, புத்தூர்

பதில்: ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ கிளென் ராக்கெட் 2025 ஜனவரியில் தன் முதல் ஏவலில் சுற்றுப்பாதையை எட்டியது, முதல் அடுக்கோ திரும்பும் வழியில் தொலைந்தது. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று, இரண்டாவது ஏவலிலேயே, அட்லாண்டிக் கடலில் தளத்தின் மீது வந்து நின்றது. ஃபால்கன் 9 அடுக்குகளில் ஒன்று 30 முறைக்கு மேல் பறந்துவிட்ட நிலையில் இதைத் தாமதம் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டாவது முயற்சியிலேயே கடலில் நிற்பதைச் சாதாரணமாக எண்ண என்னால் முடியவில்லை.

கேள்வி: ராக்கெட் விடும் நாளில் எங்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். இனி இறங்கும் ராக்கெட்டுக்கும் தனியாகத் தடை வருமா?
– மீனவப் பெண்கள் குழு உறுப்பினர், பழவேற்காடு

பதில்: இப்போதைய தடை, ராக்கெட் ஏறும் பாதையில் ஏதாவது கோளாறு நேர்ந்தால் துண்டுகள் விழக்கூடிய பகுதிக்கானது, கரையோரத்தில் அது அப்படியே தொடரும். இறங்கும் தளம் சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் என்பதால் ஃபைபர் படகுகளுக்கு அதனால் புதிய தடை வரக் காரணமில்லை; பல நாள் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடல் விசைப்படகுகளுக்குத்தான் முன்னறிவிப்பு தேவைப்படும். அந்தத் தொலைவில் இப்போதும் கழன்ற அடுக்குகள் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. மாறாக, அடுக்கு ஸ்ரீஹரிகோட்டாவுக்கே திரும்புவதென்று முடிவானால், அது உங்கள் கரைக்கு அருகிலேயே இடியோசையோடு இறங்கும். தடை நேரமும் நீளலாம். அந்த வகையில் கடல்தளம் உங்களுக்குச் சாதகமானதே.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. திரும்பப் பயன்படுத்தும் ராக்கெட்டின் நோக்கமே அடிக்கடி ஏவுவதுதான். ஒவ்வோர் ஏவலுக்கும் ஒரு நாள் தொழில் போகிறதென்றால், ஏவல்கள் பெருகும்போது அந்த நாள்களும் பெருகும். மூன்றாவது ஏவுதளம் எழும்புவதற்குள், தடை நேரத்தை மணிக்கணக்கில் சுருக்குவதையும் இழக்கும் நாளுக்கான ஈட்டுத்தொகையையும் உங்கள் கிராமப் பஞ்சாயத்து எழுத்து மூலமாக முன்வைப்பது நல்லது.